கடைமடையிலிருந்து ஒரு கையேடு: மாறிவிட்ட மழைக்கு அரசுத் திட்டங்களைப் பொருத்துவது எப்படி

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே இருக்கிறது. காவிரியில் தண்ணீர் விட்டால் கடைசியாக வந்து சேரும் கடைமடை. ஆனால் மழை வெள்ளம் என்று வந்துவிட்டால் மேலே உள்ள ஊர்களின் தண்ணீரெல்லாம் எங்கள் வயலில் ஏறித்தான் கடலுக்குப் போகும். உதவி வேளாண்மை அலுவலராக 29 வருடம் இந்த டெல்டாவில் முதலில் சைக்கிளிலும் அப்புறம் பைக்கிலும் சுற்றினேன். வயதானவர்கள் இன்னும் என்னைக் 'கிராம சேவக்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகு அப்பாவின் நாலு ஏக்கரை நானே பார்க்கிறேன். படிவம் கொடுக்கும் பக்கமும் இருந்திருக்கிறேன், படிவத்தோடு வரிசையில் நிற்கும் பக்கமும் இருக்கிறேன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்து இதை எழுதுகிறேன்.

கடந்த சில வருடங்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். 2018 நவம்பர் 16, கஜா. 2020 நவம்பரில் நிவர், டிசம்பரில் புரெவி, அது வடிந்து கதிர் முற்றி நிற்கும்போது 2021 பொங்கலை ஒட்டி மழை. 2022-இல் மேட்டூர் அணையை மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2023 பிப்ரவரி முதல் வாரம், அறுவடை நேரத்தில் மழை. அதே வருடம் ஜூன் 12-இல் திறந்த அணையை அக்டோபர் 10-இல் மூட வேண்டியதாயிற்று, ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல்லான குறுவை கருகியது. 2024-இல் அணை திறந்ததே ஜூலை 28-ஆம் தேதிதான். ஆடியில் விதைத்து தையில் அறுப்பது என்று தாத்தா காலத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தது இப்போது நாலு வருடத்துக்கு ஒரு தடவைகூட ஒத்துவருவதில்லை.

வானம் தேதியை மாற்றிவிட்டது. திட்டங்கள் பழைய தேதியிலேயே நிற்கின்றன. திட்டமே இல்லாமல் போனதால் நொடிந்தவர்களை நான் பார்த்தது குறைவு. திட்டம் இருந்தும் ஒரு நாள் தவறியோ, ஒரு பெயர் மாறியோ கைக்கு வராமல் போனவர்களைத்தான் அதிகம் பார்த்தேன். அதனால் நான் சொல்லப் போவதில் இரண்டு வேலை இருக்கிறது: இருக்கிற திட்டத்தை அதன் தேதிக்குள் பிடிப்பது, பொருந்தாத தேதியை மாற்றச் சொல்லி ஊராகச் சேர்ந்து கேட்பது.

எந்தத் திட்டம் வந்தாலும் முதலில் நாலு கேள்வி கேளுங்கள். கடைசித் தேதி எது? கணக்கு என் வயலுக்கா, ஊர் முழுக்கவா? எதை வைத்து அளப்பார்கள்? எந்தக் காகிதம் வேண்டும்? இந்த நாலுக்கும் பதில் தெரியாமல் அலுவலகத்துக்குப் போனால் ஒரு நாள் கூலிதான் நஷ்டம்.

சித்திரையில்: பள்ளக்கால் நோட்டு

கோடையில் வயல் காய்ந்து கிடக்கும்போது வேலை ஆரம்பிக்கிறது. ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு நாள் காலையில் நடந்து வாருங்கள். கிராம வரைபடத்தின் நகல் ஒன்று கையில் இருக்கட்டும். எந்தப் புல எண்ணில் தண்ணீர் மூன்று நாளுக்கு மேல் நிற்கும், எந்த மதகு அடைத்திருக்கிறது, எந்த வடிகாலில் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் மண்டியிருக்கிறது என்று பென்சிலால் குறியுங்கள், ஒரு நோட்டிலும் எழுதுங்கள். பள்ளக்கால் என்றால் தண்ணீர் தேங்கும் தாழ்ந்த வயல், அதனால் இதைப் பள்ளக்கால் நோட்டு என்கிறேன். இளைஞர்களை மட்டும் அனுப்பாதீர்கள். 1977 புயல் வெள்ளத்தைப் பார்த்த ஆள் ஒருவர் ஊரில் இருந்தால் அவரையும் அழைத்துப் போங்கள். 'இந்த இடத்தில் முன்னே ஒரு கன்னி வாய்க்கால் போச்சு' என்று அவர் காட்டும் இடம் பெரும்பாலும் இன்று யாரோ வரப்பு போட்டு மூடிய இடமாக இருக்கும்.

வெண்ணாறு உபவடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனுதவியில் அடப்பாறு, அரிச்சந்திரா நதி, வெள்ளையாறு போன்றவற்றின் கரையைப் பலப்படுத்தி, மதகுகளைச் சரிசெய்யும் பெரிய வேலை நடந்தது. திட்டத்தின் பெயரிலேயே காலநிலை மாற்றத்துக்குத் தகவமைத்தல் என்பது இருந்தது. நல்ல வேலை, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு எவ்வளவு ஆழமாக இருந்தாலும், என் வயலிலிருந்து ஆற்றுக்குப் போகும் சின்ன வடிகால் தூர்ந்து கிடந்தால் தண்ணீர் எனக்கு மேல்தான் நிற்கும். இந்தச் சின்ன வடிகால்களை யாரும் தலைநகரத்திலிருந்து வந்து பார்க்கப் போவதில்லை. அதை எழுத்தில் கொடுக்க வேண்டியது நாம்தான்.

கொடுக்கும் இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு 6 கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் நமக்கு மார்ச் 22, மே 1 இரண்டும்தான் முக்கியம். அப்போது தீர்மானம் போட்டால்தான் ஆடிக்கு முன்னால் வேலை நடக்க வழி உண்டு. அக்டோபரில் போட்ட தீர்மானத்துக்கு மண் வெட்டும் நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். 'வடிகால் தூர்வார வேண்டும்' என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்தப் புல எண்ணிலிருந்து எந்தப் புல எண் வரை, எத்தனை மீட்டர், எத்தனை ஏக்கர் வடியும் என்று எழுதுங்கள். பிறகு தீர்மானப் பதிவேட்டில் அது ஏறியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு எழுந்து வாருங்கள்.

விதை: எதற்குத் தாங்கும், எதற்குத் தாங்காது

மானிய விதை வந்திருக்கிறது என்றதும் இருக்கிற ரகத்தை வாங்கி வருவது பழக்கம். பள்ளக்கால் நோட்டு இருந்தால் அந்தப் பழக்கம் மாறும். ஐப்பசி மழையில் முழுகும் வயலுக்கு சி.ஆர். 1009 சப்-1 கேளுங்கள். பயிர் வளரும் பருவத்தில் இரண்டு வாரம் வரை முழுகிக் கிடந்தாலும், தண்ணீர் வடிந்ததும் எழுந்து வரும் குணம் அதற்கு உண்டு. ஆனால் ஒன்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அந்தக் குணம் இளம்பயிருக்குத்தான். கதிர் முற்றிய பிறகு தையில் மழை அடித்துச் சாய்ந்தால், சப்-1 ஆனாலும் மற்றது ஆனாலும் ஒன்றுதான், முளைத்துவிடும். அது 155 நாள் வயது வேறு. ஆவணி கடைசியில் விதைத்தால் அறுவடை தைக் கடைசிக்கோ மாசிக்கோ போய்விடும். எனவே தண்ணீர் தாமதமாக வரும் வருடத்தில் மேட்டு வயலுக்கு மத்திய கால, குறுகிய கால ரகம் வைத்துக்கொள்வது நல்லது. உப்பு ஏறிய வயலுக்கு திருச்சி ரகங்களைக் கேட்கலாம்.

பாரம்பரிய நெல் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி விதையைக் கைமாற்றிக் காப்பாற்றியவர் நெல் ஜெயராமன். 2018 டிசம்பரில் மறைந்தார். 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் மரபு நெல் பாதுகாப்பு இயக்கத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். நான் அரை ஏக்கரில் காட்டுயானம் போடுகிறேன். ஆள் உயரத்துக்கு வளரும், தண்ணீருக்கும் தாங்கும், வறட்சிக்கும் தாங்கும். முழு நிலத்திலும் போடச் சொல்ல மாட்டேன், ஆனால் பள்ளத்தில் ஒரு மா நிலமாவது (ஏக்கரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு) அதற்கு விடுங்கள்.

விதை வேண்டும் என்பதை வேளாண்மை விரிவாக்க மையத்தில் வைகாசியிலேயே ஊர்ப் பட்டியலாகக் கொடுங்கள். நான் வேலையில் இருந்தபோது, 40 பேர் கையெழுத்தோடு ஒரு ரகத்தைக் கேட்டு வந்த ஊருக்கு அந்த விதையை எப்படியாவது வரவழைத்துக் கொடுத்தேன். தனித்தனியாக வந்து கேட்டவர்களுக்கு 'இருப்பு இல்லை' என்ற பதில்தான் என்னாலும் சொல்ல முடிந்தது.

காப்பீடு: ஊர்ப் பெயரைச் சரிபாருங்கள்

பயிர்க் காப்பீடு 2016-இலிருந்து பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. சம்பா நெல்லுக்கு நாம் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். ஏக்கருக்கு 36,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 540 ரூபாய். மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் 15. சில வருடம் நீட்டித்தார்கள், அதை நம்பி உட்கார வேண்டாம். கடைசி வாரத்தில் இணையம் நின்று நின்று வரும்.

வேண்டிய காகிதங்கள்: சிட்டா, அடங்கல் (எந்தப் புலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்ற கிராமக் கணக்கு) அல்லது கிராம நிர்வாக அலுவலரின் விதைப்புச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம். கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ பொதுச் சேவை மையத்திலோ கட்டலாம். கடன் வாங்கியவர்களுக்கு 2020 முதல் இது கட்டாயம் இல்லை என்று ஆகிவிட்டது. 'சங்கத்தில் கடன் இருக்கிறதே, அவர்களே பிடித்திருப்பார்கள்' என்று இருந்துவிடாதீர்கள், ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

ரசீது வந்ததும் பணம் சரியா என்று எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது வருவாய் கிராமத்தின் பெயரை. எங்கள் தெருவில் 11 பேர் ஒரு வருடம் ஒரே மையத்தில் கட்டினார்கள். அங்கே இருந்த பையன் நாங்கள் வாயால் சொன்ன ஊர்ப் பெயரைத் தேடி, பட்டியலில் அதே மாதிரி இருந்த இன்னொரு வருவாய் கிராமத்தைத் தட்டிவிட்டான். எங்கள் ஊர் என்று நாங்கள் சொல்வது ஒரு குக்கிராமத்தின் பெயர், வருவாய்க் கணக்கில் அது வேறு பெயர். அந்த வருடம் மழையில் எங்கள் கிராமத்துக்கு இழப்பீடு அறிவித்தார்கள். இந்த 11 பேர் பணம் கட்டிய கிராமத்தில் மகசூல் நன்றாக இருந்தது, அதற்கு ஒன்றும் இல்லை. என் மதினியும் அதில் ஒருத்தி. நகையை வைத்து உரம் வாங்கியவள். ஆறு மாதம் மனு மேல் மனு போட்டோம், திருத்த முடியவில்லை. அன்றிலிருந்து வருவாய் கிராமத்தின் பெயர், பிர்கா, புல எண், உட்பிரிவு நாலையும் ஒரு சீட்டில் எழுதி வீட்டுக்கு வீடு கொடுத்திருக்கிறேன். வாயால் சொல்லாமல் அந்தச் சீட்டை மேசையில் வைக்கச் சொல்கிறேன். நீங்களும் உங்கள் ஊரில் இதைச் செய்யுங்கள், ஒரு மணி நேர வேலை.

குத்தகைக்காரர்கள் பாடு இதைவிடக் கஷ்டம். நிலம் ஒருவர் பெயரில், சாகுபடி ஒருவர் கையில். அடங்கலில் சாகுபடியாளர் பெயர் ஏறாவிட்டால் காப்பீடு, நிவாரணம் இரண்டுமே நிலக்காரருக்குத்தான் போகும். விதைத்த உடனே கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் பெயரை ஏற்றச் சொல்லுங்கள். நிலக்காரர்களாக இதைப் படிப்பவர்கள் அதற்குத் தடை சொல்லாதீர்கள். நஷ்டப்பட்டது அவர்தான்.

தண்ணீர் ஏறிவிட்டது: இரண்டு கதவையும் தட்டுங்கள்

வெள்ள நிவாரணம் வேறு, காப்பீடு வேறு. நிவாரணம் உங்கள் வயலைப் பார்க்கும். வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் கூட்டாகக் கணக்கெடுத்து, 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் என்றால் கொடுப்பார்கள். 2022-இல் திருத்திய பேரிடர் நிவாரண விதிப்படி பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். 2021 ஜனவரி மழைக்கும் 2023 பிப்ரவரி மழைக்கும் மாநில அரசு அப்போதைய விதியைவிடக் கூட்டி 20,000 கொடுத்தது. 2023-இல் குறுவை கருகியபோது டெல்டாவில் குறுவைக்குக் காப்பீடே இல்லாமல் இருந்தது, ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் நிவாரணம் மட்டும் வந்தது. மகசூல் இழப்புக்கான காப்பீடு உங்கள் வயலைப் பார்க்காது, கிராமத்தின் சராசரியைப் பார்க்கும். ஒன்று வாங்கினால் மற்றது கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தண்ணீர் நிற்கும்போதே படம் எடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையின் சிலேட்டில் புல எண்ணையும் தேதியையும் எழுதி, வரப்பில் ஒருவர் அதைப் பிடித்து நிற்க, பின்னால் வயல் தெரிய வேண்டும். செல்போனில் இருப்பிடம் பதியும்படி வைத்துக்கொள்ளுங்கள். கணக்கெடுப்பு அலுவலர் வரும்போது தண்ணீர் வடிந்து பயிர் பச்சையாகத் தெரிந்தாலும், வேர் அழுகியது உள்ளே இருக்கும். ஒரு குத்தைப் பிடுங்கிக் கையில் கொடுங்கள்.

வடிந்த உடனே பயிரைத் தூக்கிவிடும் வேலையும் இருக்கிறது. ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு கலந்து ஒரு இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துப் போடச் சொல்வோம். கணக்கெடுக்க வரட்டும் என்று உரம் போடாமல் பயிரைக் காயப்போடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள், பயிர் பிழைத்தால் அதைவிடப் பெரிய நிவாரணம் கிடையாது.

அறுத்து வயலிலேயே காயப் பரப்பிய நெல்லுக்கு 14 நாள் வரை காப்பீடு உண்டு, 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும், 14447 என்ற எண்ணில் சொல்லலாம் என்பது விதி. இந்த விதியை எழுதிய காலத்தில் மனதில் இருந்தது அரிவாள் அறுப்பு. அறுத்துத் தாளோடு வயலில் காயும் நெல்லுக்குத்தான் அது பேசுகிறது. எங்கள் பக்கம் இன்று முக்கால்வாசி இயந்திர அறுவடை. நெல் நேரே டிராக்டரில் ஏறி, அரசு நெல் வாங்கும் கொள்முதல் நிலைய வாசலில் குவியலாகிவிடுகிறது. அங்கே ஒரு வாரம் காத்திருக்கும்போது நனைந்தால் அதற்கு எந்தக் காப்பீடும் இல்லை. இதைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

25 சதுர மீட்டர்

காப்பீட்டில் எல்லாமே முடிவாகும் இடம், கிராமத்தின் சராசரி மகசூலை அளக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனை. இதைப் பற்றி விவசாயிகளுக்குத் தெரிந்தது மிகக் குறைவு. பத்து வருடத்துக்கு மேல் என் கையாலேயே செய்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு வருவாய் கிராமத்தில் பொதுவாக நாலு வயலில் நடக்கும். எந்த வயல் என்பது முன்கூட்டியே எண் குலுக்கலில் முடிவாகிவிடும். வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, கொடுத்த எண்ணுக்கு இத்தனை காலடி நீளத்தில், இத்தனை காலடி அகலத்தில் என்று நடந்து போய் முதல் முளையை அடிக்க வேண்டும். அங்கிருந்து 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்ட வேண்டும், இதுதான் பரிசோதனைத் திடல். சதுரம் கோணல் இல்லாமல் இருக்கிறதா என்று பார்க்கக் குறுக்கே அளந்தால் 7.07 மீட்டர் வர வேண்டும். கயிற்றுக்குள் அடி இருக்கும் குத்துகளை மட்டும் அறுத்து, அந்த இடத்திலேயே அடித்து, தூற்றி, எடை போட வேண்டும். ஒரு பகுதியைக் காயவைத்து மறுபடி எடை பார்ப்பதும் உண்டு.

ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். அந்தத் திடல் 25. அப்படியானால் தராசில் ஒரு கிலோ என்பது ஹெக்டேருக்கு 400 கிலோ. ஒரு முறை தை மாதம், முந்தின வாரம் மழை பெய்து சாய்ந்த வயல். சேற்றில் முளை நிற்கவில்லை. கயிற்றை இழுத்துக் கட்டியபோது ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரு சாண் நீண்டுவிட்டது. அறுக்க வந்த அம்மா ஒருவர், 'தம்பி, அந்தப் பக்கம் ஒரு வரிசை கூட இருக்கு போல' என்றார். அளந்து பார்த்தேன், 5.2 மீட்டர். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் 5.2-ஐ 5.2-ஆல் பெருக்கினால் 27.04. எட்டு சதவீதம் கூடுதல் நெல் எடையில் ஏறியிருக்கும். மறுபடி பிடுங்கிக் கட்டினோம். திடலில் அன்று கிடைத்தது 9 கிலோ, அதாவது ஹெக்டேருக்கு 3,600 கிலோ.

இந்த எட்டு சதவீதம் என்ன செய்யும் என்று பாருங்கள். உத்தரவாத மகசூல் என்று ஒன்று வைத்திருப்பார்கள். கடந்த ஏழு வருடத்தில் நல்ல ஐந்து வருடத்தின் சராசரியை எடுத்து, அதில் குறிப்பிட்ட சதவீதம். அது 4,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உண்மை மகசூல் 3,600 என்றால் குறைவு 10 சதவீதம், 36,000 ரூபாய் காப்பீட்டுக்கு ஏக்கருக்கு 3,600 ரூபாய் இழப்பீடு. நாலு திடலிலும் கயிறு இப்படி நீண்டிருந்தால் மகசூல் 3,888 என்று பதிவாகும். குறைவு 2.8 சதவீதம். ஏக்கருக்கு 1,008 ரூபாய். ஊரே இழந்திருக்கும், யாரும் திருடியிருக்க மாட்டார்கள்.

அதனால் பரிசோதனை நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து இரண்டு பேர் டேப்போடு போய் நில்லுங்கள். சண்டைக்குப் போக வேண்டாம். பக்கத்தையும் குறுக்கையும் அளக்கும்போது கூட நின்று பாருங்கள், எடையையும் தேதியையும் நோட்டில் எழுதுங்கள், காப்பீட்டு நிறுவனத்தின் ஆள் வந்தாரா என்று குறியுங்கள். நான் அலுவலராக இருந்தபோது ஊர் ஆட்கள் நின்றால் எனக்குத் தொந்தரவாக இல்லை, தைரியமாக இருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து யார் கேட்டாலும், 'ஊரே பார்த்தது' என்று சொல்ல முடிந்தது.

ஈரப்பதம்

கொள்முதல் நிலையத்தில் வாங்கும் நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. தை மாதம் விடிகாலையில் பனி கொட்டும் எங்கள் ஊரில், மழைக்குப் பிறகு அறுத்த நெல் 20, 21 என்றுதான் இருக்கும். மாநில அரசு கேட்டு மத்திய அரசு 19, 20 என்று தளர்த்திய வருடங்கள் உண்டு. ஆனால் அதற்குக் குழு வந்து, மாதிரி எடுத்து, அறிக்கை போய், உத்தரவு வருவதற்குள் குவியலின் அடியில் முளை வந்துவிடும்.

மதினியின் குவியலில் ஒரு நாள் மேலே கைவிட்டு எடுத்த நெல்லை மீட்டரில் போட்டால் 16.8. அவளுக்குச் சந்தோஷம். முழங்கை வரை கையை உள்ளே விட்டு எடுத்ததைப் போட்டால் 19.4. உள் நெல் வெதுவெதுப்பாக இருந்தது. தார்ப்பாயை இரவும் பகலும் மூடியே வைத்திருந்தாள். பனிக்கு மூடுவது சரி, வெயில் வந்ததும் திறந்து மெல்லிசாகப் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை காலால் கிளறிவிட வேண்டும். சாயங்காலம் சூடு ஆறிய பிறகு குவிக்க வேண்டும். இப்படி இரண்டு நாள் காய்ந்ததும் உள்ளும் புறமும் 17-க்குள் வந்தது. எங்கள் உழவர் குழு பொதுப் பணத்தில் ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கி வைத்திருக்கிறது. வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போவதால் திருப்பி அனுப்பப்படுவது நின்றது.

தேதியை மாற்றச் சொல்லிக் கேட்பது

கேட்டால் மாறுமா என்பீர்கள். 2022-இல் மாறியது. கொள்முதல் பருவம் அதுவரை வழக்கமாக அக்டோபர் 1-இல்தான் தொடங்கியது. அந்த வருடம் அணை மே மாதமே திறந்ததால் குறுவை முன்கூட்டி முற்றியது. மாநிலம் கேட்டு மத்திய அரசு ஒப்புக்கொள்ள, செப்டம்பர் 1-இலேயே கொள்முதல் தொடங்கினார்கள். ஒரு மாதம் முன்னால். அந்த ஒரு மாதத்தில் எத்தனை குவியல் மழையிலிருந்து தப்பியது என்று களத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்.

மாதா மாதம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் சொந்தக் குறையைச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். 2021 ஆகஸ்டிலிருந்து தமிழ்நாட்டில் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை வருகிறது. அதற்கு முன்னால் விவசாயிகளிடம் கருத்தும் கேட்கிறார்கள். அங்கே கொடுக்கும் மனு, உங்கள் நோட்டிலுள்ள எண்ணோடு போக வேண்டும்.

எங்கள் ஊரிலிருந்து இந்த வருடம் நாலு விஷயம் எழுதியிருக்கிறோம். முதலாவது, கொள்முதல் நிலைய வாசலில் வரிசை எண் வாங்கிக் காத்திருக்கும் குவியலுக்கும் காப்பீடு வேண்டும். டோக்கன் தேதியிலிருந்து கணக்கு வைத்துக்கொள்ளலாம், எடை அங்கேயே இருக்கிறது. இரண்டாவது, ஈரப்பதத் தளர்வுக்கு ஒவ்வொரு முறையும் குழு வர வேண்டியதில்லை. வட்டத்தின் மழைமானியில் அறுவடைக் காலத்தில் இத்தனை நாளில் இத்தனை மில்லிமீட்டர் பதிவானால் மறுநாளே தளர்வு என்று விதியாக எழுதிவிட வேண்டும். மூன்றாவது, மேடும் பள்ளமும் உள்ள வருவாய் கிராமத்தில் பள்ளக்காலைத் தனி அலகாகப் பிரிக்க வேண்டும். நாலு திடலும் மேட்டில் விழுந்த வருடத்தில் பள்ளத்துக்காரர் ஒரு ரூபாய் பார்க்கவில்லை. நாலாவது, பாசன வாய்க்கால் தூர்வாரும்போதே வடிகாலையும் சேர்த்து வார வேண்டும். வரும் தண்ணீருக்கு ஒரு பட்டியல், போகும் தண்ணீருக்கு ஆறு மாதம் கழித்து ஒரு பட்டியல் என்பது எங்களைப் போன்ற கடைமடைக்கு ஆகாது.

மனுவோடு பள்ளக்கால் வரைபடத்தின் நகல், சிலேட்டுப் படங்களில் நாலு, பரிசோதனைத் திடல்களின் எடை, குவியல் நனைந்த தேதிகள் எல்லாவற்றையும் இணைத்தோம். உங்கள் ஊர் மனுவையும் இப்படிக் கட்டுங்கள். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்கி, நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த மாதம் பதில் கேட்கப் போகும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டலாம்.